டிரெய்னர் வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

வீட்டுக்குள் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த டிரெய்னர் வாங்கலாம்?" என்றுதான். சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் கருவிதான் டிரெய்னர். "எங்கே வைக்கப் போகிறீர்கள்? வைத்த இடத்திலேயே இருக்குமா, ஒவ்வொரு தடவையும் எடுத்து மாட்ட வேண்டியிருக்குமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் சொல்லாமல் நழுவுவதாகச் சிலர் நினைப்பார்கள். ஆனால் இத்தனை வருடம் டிரெய்னரில் மிதித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது: டிரெய்னரும் அதோடு இணைத்து ஓட்டும் ஆப்பும் கடைசியில் முடிவு செய்ய வேண்டியவை. அதற்கு முன்னால் அறை, கையில் இருக்கும் நேரம், எதற்காக ஓட்டுகிறோம் என்ற மூன்றும் தெளிவாக வேண்டும். இந்த வரிசையை மாற்றி மாடல் பெயரில் இருந்து தொடங்குபவர்களின் டிரெய்னர்தான் சில மாதத்தில் துணி காயப்போடும் கொடியாகிறது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம், அதுவும் இருட்டிய பிறகு. அந்த நேரத்தில் சாலைக்குப் போனால் பாதி நேரம் சிக்னலிலும் எதிரே வரும் விளக்கு வெளிச்சத்திலும் போய்விடும். வார இறுதியில் வெளியே நீண்ட தூரம் ஓட்ட வேண்டும், அதற்கு வார நாட்களில் கால் தயாராக வேண்டும். எனக்கு டிரெய்னர் இதற்குத்தான். உங்களுக்கு வேறாக இருக்கலாம். எடை குறைய, முழங்கால் காயத்திலிருந்து மீண்டுவர, தொலைவில் இருக்கும் நண்பர்களோடு சேர்ந்து ஓட்ட, பந்தயத்தில் கலந்துகொள்ள. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கருவி பொருந்தும், அதனால்தான் மற்றவருடைய பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

வகைகள் நான்கு. ரோலர் என்பது மூன்று உருளைகள் கொண்ட சட்டம். சைக்கிளை அதன் மேல் எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஓட்ட வேண்டும். சமநிலையும் வட்டமான மிதியும் கைவர அது அருமையான பயிற்சி, ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு முழு வேகத்தில் மிதிக்க ஏற்றதல்ல. வீல்-ஆன் டிரெய்னரில் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், டயர் ஒரு சிறிய உருளையில் அழுந்திச் சுழலும். டைரக்ட் டிரைவில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிரெய்னரிலேயே இருக்கும் கேஸட்டில், அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கில், செயினை மாட்ட வேண்டும். நான்காவது, சைக்கிளே தேவைப்படாத ஸ்மார்ட் பைக். ஒரே வீட்டில் உயரம் வேறுபட்ட இரண்டு மூன்று பேர் ஓட்டுவார்கள் என்றால் ஸ்மார்ட் பைக்கை யோசிக்கலாம். தனி ஆளுக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

கணினியோடு டிரெய்னரை இணைப்பது நேற்று வந்த யோசனையும் இல்லை. ரேஸர்மேட் நிறுவனத்தின் கம்ப்யூடிரெய்னர் 1980களிலேயே வந்துவிட்டது. 2012இல் வாஹூ தன் கிக்கரைக் கொண்டுவந்த பிறகுதான், பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஸ்மார்ட் டிரெய்னர் சாதாரண ஓட்டுநர்களிடமும் பரவ ஆரம்பித்தது. 2014இல் திரையில் மெய்நிகர் சாலைகளைக் காட்டும் ஸ்விஃப்ட் ஆப் சோதனைப் பதிப்பாக வந்ததும் அந்தக் கருவிக்கு ஓர் உலகம் கிடைத்தது.

நான் தொடங்கியது வீல்-ஆன் வகையில். அதைப் பற்றி நல்லதே சொல்வேன். எடை குறைவு, மடித்துச் சுவரோரம் சாய்க்கலாம், சைக்கிளை ஒரு நிமிடத்தில் மாட்டி ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, மிதமான வேகத்தில் ஓட்டுபவருக்கு அது போதும். ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. உருளைக்குக் கீழே தரையில் கறுப்புத் தூள் படியும், பின் பிரேக்கிலும் சட்டத்தின் அடிப்பாகத்திலும் ஒட்டிக்கொள்ளும். டயர் தேய்ந்து உதிரும் ரப்பர் அது. சாதாரண டயரின் நடுப்பகுதி சீக்கிரமே தட்டையாகிவிடும். டிரெய்னருக்கென்று கெட்டியான ரப்பரில் தனி டயர் கிடைக்கிறது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு சாலைக்குப் போகக் கூடாது, வழுக்கும். அதனால் பழைய பின்சக்கரம் ஒன்றில் அந்த டயரை மாட்டி வைத்துக்கொள்வது நல்லது. மலைப் பாதைக்கான கட்டை கட்டையான டயர் என்றால் வீல்-ஆன் பக்கமே போக வேண்டாம், அதிர்வும் சத்தமும் தாங்காது.

அதைவிட முக்கியம், அது காட்டும் எண், அதாவது எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறோம் என்பது. டயரில் காற்று எவ்வளவு, உருளையை எவ்வளவு அழுத்தி முறுக்கியிருக்கிறோம், டயர் சூடேறியிருக்கிறதா என்ற மூன்றையும் பொறுத்து வாட் மாறும். காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஓட்டினால் கால் ஒரு கதை சொல்லும், திரை வேறு கதை சொல்லும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காற்று, திருகை ஒரே அளவு முறுக்கு, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் ஸ்பின்டவுன். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் வீல்-ஆன் எண்களையும் நம்பி பயிற்சி செய்யலாம். ஸ்பின்டவுன் என்றால், குறிப்பிட்ட வேகம் வரை மிதித்துவிட்டுக் காலை அசைக்காமல் இருப்பது. சக்கரம் நிற்க எடுக்கும் நேரத்தை வைத்து டிரெய்னர் தன் உராய்வைக் கணக்கிட்டுக்கொள்ளும். குளிர்ந்த டிரெய்னரில் அதைச் செய்து பயனில்லை.

செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது டயர் உருளையில் நழுவும் அந்த உணர்வுதான் என்னை டைரக்ட் டிரைவுக்கு நகர்த்தியது. வேகமாக ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒருநாள் அந்த இடத்துக்கு வருவார்கள்.

டைரக்ட் டிரைவ் வாங்கும்போது டிரெய்னரின் திறனைவிட உங்கள் சைக்கிளின் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். பின் அச்சு எப்படிப்பட்டது? நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய க்விக் ரிலீஸ் என்றால் அகலம் 130 அல்லது 135 மில்லிமீட்டர், திருகி மாட்டும் தடித்த த்ரூ ஆக்ஸில் என்றால் பெரும்பாலும் 12x142, மலைச் சைக்கிளில் 12x148. இதற்கான அடாப்டர்கள் டிரெய்னர் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றனவா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்தது கேஸட். 11 ஸ்பீட் (பின்னால் 11 பல்சக்கரம்) சைக்கிளுக்கு 11 ஸ்பீட் கேஸட்தான் வேண்டும், 12க்கு 12. கேஸட்டைத் தாங்கும் ஃப்ரீஹப்பும் பொருந்த வேண்டும். ஷிமானோ ஹெச்ஜி, ஸ்ராமின் எக்ஸ்டிஆர், மைக்ரோ ஸ்ப்லைன் என்ற ஃப்ரீஹப் வகைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. முடிந்தால் வெளியே ஓட்டும் சக்கரத்தில் இருக்கும் அதே பல் எண்ணிக்கையில் கேஸட் போடுங்கள், மாற்றும்போது கியரைச் சரிசெய்யும் வேலை குறையும்.

2023இல் ஸ்விஃப்ட் கொண்டுவந்த காக் இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்த்துவிட்டது. கேஸட்டுக்குப் பதில் ஒரே ஒரு பல்சக்கரம். 8 முதல் 12 ஸ்பீட் வரை எந்தச் செயினும் அதில் ஓடும். கியர் மாற்றுவது கைப்பிடியில் ஒட்டிய பொத்தானால், டிரெய்னரே எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும். வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமான சைக்கிள் வைத்திருந்தால் இது பெரிய வசதி. செயின் எப்போதும் நேர்கோட்டில் இருப்பதால் சத்தமும் குறையும். ஆனால் அந்த மெய்நிகர் கியரை எல்லா ஆப்பும் எல்லா டிரெய்னரும் ஏற்பதில்லை. உங்கள் ஆப் ஏற்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பின்சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேட்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். சைக்கிள் வாங்கும்போது அதிலேயே வந்திருக்கும், இல்லையென்றால் அட்டையை மடித்துச் செருகினாலும் போதும். ஓட்டும் வேகத்தில் பழக்கதோஷமாகக் கை பின் பிரேக்கை அழுத்திவிடும். நடுவே டிஸ்க் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரத்தை மாட்டவே முடியாது. தட்டையான ஒரு கருவியால் நிதானமாக நெம்பிப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இப்போது விளம்பரத்தில் வரும் மூன்று எண்களுக்கு வருவோம்: துல்லியம், அதிகபட்ச ஏற்றம் (எவ்வளவு செங்குத்தான சாலையைப் போல இறுக முடியும் என்பது), அதிகபட்ச வாட்.

மேல்தட்டு டிரெய்னர்கள் 1 சதவீதத் துல்லியம் என்கின்றன, நடுத்தரமானவை 2 அல்லது 2.5, வீல்-ஆன் அதற்கும் மேலே. 200 வாட்டில் 1 சதவீதம் 2 வாட், 2.5 சதவீதம் 5 வாட். முந்தைய இரவு தூக்கம் சரியில்லை என்றால் வரும் வித்தியாசம் இதைவிடப் பெரிது. எனக்கு முக்கியம், நேற்று காட்டிய அதே 200ஐ இன்றும் அதே உழைப்புக்குக் காட்டுகிறதா என்பது. பந்தயத்தில் மற்றவர்களோடு மோதுபவருக்குத் துல்லியம் வேண்டும், தன்னோடு தானே போட்டியிடுபவருக்கு மாறாத தன்மை வேண்டும். பெடலில் தனியாகப் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் டிரெய்னர் சற்றுக் குறைவாகக் காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். செயினிலும் பல்சக்கரங்களிலும் ஓரிரு சதவீதம் இழப்பு உண்டு, பெடல் அதற்கு முன்னால் அளக்கிறது, டிரெய்னர் அதற்குப் பின்னால்.

ஏற்றம் 16 சதவீதமா, 20ஆ, 25ஆ என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. மெய்நிகர் சாலைகளில் 16 சதவீதத்துக்கு மேல் ஏறும் இடங்கள் சொற்பம். அதிகபட்ச வாட்டும் அப்படித்தான். 2000 வாட் என்று எழுதியிருப்பது நம்மில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் தொடாத எண்.

பெட்டியில் பெரிதாகப் போடாத, ஆனால் காலுக்கு நேரடியாகத் தெரியும் ஒன்று ஃப்ளைவீல். கனமான சக்கரம் சுழன்றால்தான் மிதியின் மேலும் கீழுமான அந்த இறந்த புள்ளியைக் கால் சுலபமாகக் கடக்கும், சாலையில் உருளும் உணர்வு வரும். லேசான ஃப்ளைவீலில் ஏற்றத்தில் ஒவ்வொரு மிதியும் வெட்டி வெட்டி வரும். சில டிரெய்னர்கள் இந்த நிலைமத்தை மோட்டார் மூலமே உருவாக்குகின்றன, டாக்ஸ் நியோ அந்த வகை. மின்சாரம் போனாலும் அது ஓட்டுபவர் மிதியிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு வேலை செய்யும். எப்படியாவது ஓரிடத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்க முடிந்தால் பாருங்கள். காகிதத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டிரெய்னர்கள் முழங்காலுக்கு வேறாகத் தெரியும்.

சரி, சத்தம். இதை நான் புரிந்துகொண்டது எங்கள் கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவரால். படியில் பார்த்தபோது நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, ராத்திரியில மேல ஏதாவது மோட்டார் ஓடுதா?"

"சத்தம் கேக்குதாங்கய்யா? சைக்கிள் ஓட்டுறேன்."

"காதுல ஒண்ணும் கேக்கலப்பா. கட்டில்ல தெரியுது."

டிரெய்னர் எத்தனை டெசிபல் என்று படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. காற்றில் பரவும் சத்தம் வேறு, தரை வழியாக இறங்கும் அதிர்வு வேறு. நம் அறையில் டைரக்ட் டிரைவ் மிக அமைதியாக இருக்கும், விசிறிச் சத்தம்தான் அதிகம் கேட்கும். கீழே இருப்பவருக்கு வருவது அடி வழியாகப் போகும் நடுக்கம். அப்புறம் சில மாற்றங்கள் செய்தேன். அறையின் நடுவிலிருந்து சுவரோரம், உத்தரம் போகும் இடத்துக்கு டிரெய்னரை நகர்த்தினேன். நடுத்தளம் அதிகம் அதிரும், சுவரோரம் அவ்வளவு அதிராது. அடியில் மிருதுவான ஃபோம், அதன் மேல் கனமான பிளைவுட், அதன் மேல் தடித்த ரப்பர் பாய் என்று மூன்று அடுக்காகப் போட்டேன். வெறும் மெல்லிய பாய் வியர்வையைப் பிடிக்கும், அதிர்வைப் பிடிக்காது. செயினை முன்பக்கத்துச் சிறிய பல்சக்கரத்தில் வைத்தேன். அப்போது ஃப்ளைவீல் மெதுவாகச் சுழலும், ரீங்காரமும் குறையும். பெரியவரிடம் போய்க் கேட்டேன். "இப்ப ஒண்ணும் தெரியலப்பா" என்றார். இருந்தாலும் இரவு ஒரு நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மாடி வீட்டில் இருப்பவர்கள் டிரெய்னர் வாங்குவதற்கு முன்பே கீழே இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

தரைக்கு அடுத்தது காற்று. நான் யாருக்கு யோசனை சொன்னாலும் விட்டுக்கொடுக்காத ஒன்று விசிறிதான். உடல் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுவதும் சூடு. பெடலில் 200 வாட் கொடுக்கும் ஒருவர் உடலில் இருந்து 600 முதல் 800 வாட் வெப்பம் வெளியேற வேண்டும். சாலையில் நாமே கிழித்துக்கொண்டு போகும் காற்று அதைத் தூக்கிச் செல்லும். அறைக்குள் நாம் ஒரே இடத்தில் இருக்கிறோம், வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. வாட் மாறாமல் இருக்கும்போதே இதயத்துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். "உள்ளே ஓட்டினால் எனக்குச் சக்தியே வருவதில்லை" என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை காலில் இல்லை. நெஞ்சுக்கு நேராக ஒரு பெரிய விசிறி, முடிந்தால் முதுகுக்குப் பக்கவாட்டில் இன்னொன்று, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கூரை விசிறி இதற்குப் போதாது. டிரெய்னரில் ஒரு படி கீழே இறங்கி, மிச்சத்தில் நல்ல விசிறி வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இணைப்பு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிரெய்னர்கள் ப்ளூடூத்திலும், ஏஎன்டி பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பிலும் பேசும். டிரெய்னரை ஆப் கட்டுப்படுத்த ப்ளூடூத்தில் எஃப்டிஎம்எஸ், ஏஎன்டி பிளஸ்ஸில் எஃப்இ-சி என்ற பொதுத் தரங்கள் இருக்கின்றன. இந்தப் பெயர்கள் விவரப் பட்டியலில் இருந்தால் எந்த ஆப்புக்கும் பயமில்லாமல் போகலாம். ஏஎன்டி பிளஸ் ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு ஒலிபரப்பும். ப்ளூடூத்தில் பல டிரெய்னர்கள் ஒரே ஒரு கருவியோடுதான் கைகோக்கும். "டிரெய்னர் கண்ணில் படவே இல்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், பக்கத்தில் கிடக்கும் செல்போனில் டிரெய்னர் நிறுவனத்தின் ஆப் பின்னணியில் திறந்திருந்து அதைப் பிடித்து வைத்திருப்பதுதான். அதை மூடினால் சரியாகிவிடும். கணினியில் ஏஎன்டி பிளஸ் யூஎஸ்பி குச்சி செருகுபவர்கள் ஒரு நீட்டிப்பு வயர் போட்டு அதை டிரெய்னர் அருகில் கொண்டுவந்துவிட்டால் இணைப்பு அறுந்து அறுந்து போவது நின்றுவிடும்.

ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: களைத்து வந்த நாளில் உங்களைச் சைக்கிளில் ஏறவைப்பது எது? கூட்டமா, காட்சியா, பயிற்சித் திட்டமா?

கூட்டம் என்றால் ஸ்விஃப்ட். எந்த நேரத்தில் திறந்தாலும் வாட்டோபியா என்ற அதன் கற்பனைத் தீவில் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். யாராவது முன்னால் போனால் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் போகலாம், வாட் குறையும். கணினியே ஓட்டும், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உழைப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் ரோபோபேஸர்கள் உண்டு, நமக்கு ஏற்ற ஒன்றோடு சேர்ந்துகொண்டால் நேரம் போவது தெரியாது. பந்தயங்கள் நாள் முழுக்க நடக்கும். அதைச் சாதாரண விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020இல் சர்வதேச சைக்கிள் ஓட்ட அமைப்பான யூசிஐ நடத்திய முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில் துடுப்புப் படகு வீரர். அதே வருடம் திறமையாளர்களைத் தேடும் ஸ்விஃப்ட் அகாடமி போட்டியில் வென்ற ஜே வைன் தொழில்முறை அணியில் இடம்பிடித்து, ஸ்பெயினின் பெரிய சாலைப் பந்தயமான வுவெல்டாவில் 2022இல் இரண்டு கட்டங்களை வென்றார். டிரெய்னரில் வளர்த்த கால் சாலையிலும் பலித்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

அங்கே புதியவர்களைக் குழப்பும் ஓர் அமைப்பு, டிரெய்னர் டிஃபிகல்ட்டி. தொடக்கத்தில் அது 50 சதவீதத்தில் இருக்கும். திரையில் 10 சதவீத ஏற்றம் வந்தால் டிரெய்னர் 5 சதவீதம் போலத்தான் இறுக்கும். இதனால் ஏமாற்று வேலை ஏதும் நடப்பதில்லை. உங்கள் வேகத்தைத் தீர்மானிப்பது வாட்டும் எடையும்தான். உடலும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ இருப்பவர் 8 சதவீத ஏற்றத்தில் 200 வாட் கொடுத்தால் மணிக்கு 10, 11 கிலோமீட்டர்தான் போவார், அந்த அமைப்பு எதில் இருந்தாலும். மாறுவது கியரின் உணர்வு மட்டுமே. 100இல் வைத்தால் நிஜ மலை போல கியர் தேட வேண்டும், குறைத்தால் சீராக மிதிக்கலாம். நிஜ மலைக்குத் தயாராகிறவர் 100க்குக் கொண்டுபோய்ப் பழகட்டும். மற்றவர்கள் 50இலேயே விட்டுவிடலாம். அங்கே ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்றொரு மலை இருக்கிறது. பிரான்ஸின் ஆல்ப் டுவெஸ் மலையைப் பார்த்துச் செய்தது, அதே 21 கொண்டை ஊசி வளைவுகள், 12.2 கிலோமீட்டர், 1,036 மீட்டர் ஏற்றம். நீண்ட ஏற்றத்தில் மூச்சையும் வேகத்தையும் பங்கிட்டுக்கொள்ள நான் கற்றது அங்கேதான். சமவெளியில் வாழ்பவர்களுக்கு வேறெந்த வழியிலும் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஏறும் வாய்ப்புக் கிடைக்காது.

காட்சிதான் வேண்டும் என்றால் ரூவி. நிஜ சாலைகளில் படம்பிடித்த காணொளியின் மேல் நம் உருவம் ஓடும், சாலையின் உண்மையான ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப டிரெய்னர் இறுகித் தளரும். ஒரு போட்டிக்குப் போகும் முன் அந்தப் பாதையைப் பார்த்துப் பழக இது மிகவும் உதவும். கூட்டம் குறைவு, அமைதி அதிகம்.

திட்டம்தான் வேண்டும் என்றால் டிரெய்னர்ரோட். அங்கே உலகம் ஏதும் கிடையாது, நீல நிறக் கட்டங்களும் ஒரு கோடும் மட்டுமே. இன்று என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும், நீங்கள் செய்ததைப் பார்த்து நாளையதை மாற்றும். முடிவெடுக்கும் சுமை இல்லாமல் இருப்பது வேலை முடிந்து வந்த மூளைக்குப் பெரிய நிம்மதி. மைவூஷ் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பயிற்சிகள், பந்தயங்கள், உலகங்கள் எல்லாம் அதில் உண்டு, 2024 இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பும் அதில்தான் நடந்தது. சந்தா கட்ட மனமில்லாதவர்கள் அதிலிருந்து தொடங்குவதே சரி. எந்த ஆப்பும் இல்லாமலும் ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கைப்பிடியில் மாட்டும் சைக்கிள் கணினிகளில் பல டிரெய்னரை நேரடியாகவே கட்டுப்படுத்தும். இத்தனை வாட் என்று சொன்னால் போதும், திரையே தேவையில்லை.

என் பழக்கம், மழைக்காலத்தில் சந்தா கட்டுவதும் வானிலை தெளிந்ததும் நிறுத்துவதும். மாதச் சந்தா உள்ள ஆப்களுக்கு இது ஒத்துவரும். ஆண்டுச் சந்தா எடுக்கும் முன் முழுதாக ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள்.

எர்க் மோடைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எர்க் மோடில் 180 வாட் என்று வைத்துவிட்டால், நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் டிரெய்னர் தானே எதிர்ப்பை மாற்றி 180இலேயே நிறுத்தும். ஒரே உழைப்பில் நீண்ட நேரம் மிதிக்கும் நிதானமான இன்டர்வல்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், கால் களைத்து கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்பது) 85இலிருந்து 70க்கு இறங்கும்போது. அதே வாட்டைக் காக்க டிரெய்னர் இன்னும் இறுக்கும், இறுக்கியதால் கால் இன்னும் மெதுவாகும், மெதுவானதால் இன்னும் இறுகும். சில நொடியில் பெடல் சேற்றில் மாட்டியது போல நின்றுவிடும். அந்த நேரத்தில் பலத்தைக் கொடுத்து முண்ட வேண்டாம், முழங்காலுக்கு ஆகாது. மிதிப்பதை நிறுத்தி, இறுக்கம் விட்டதும் லேசாகச் சுழற்றி, 90க்கு மேல் கேடன்ஸைக் கொண்டுவாருங்கள். கடினமான இன்டர்வல் தொடங்குவதற்கு ஐந்து நொடி முன்பே கேடன்ஸைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் இந்தச் சுழலுக்குள் போகவே மாட்டீர்கள். பத்து, பதினைந்து நொடி முழு வேகப் பயிற்சிகளுக்கு எர்க் வேண்டாம், அது இலக்கைப் பிடிப்பதற்குள் பயிற்சியே முடிந்துவிடும்.

இந்த இலக்கு வாட்டெல்லாம் எஃப்டிபி என்ற ஓர் எண்ணிலிருந்து வருகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட் அது. 20 நிமிடம் முழு உழைப்பில் ஓட்டி அதன் சராசரியில் 95 சதவீதம் எடுப்பது ஒரு வழி. நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறிக்கொண்டே போகும் ராம்ப் டெஸ்டில் கடைசி நல்ல நிமிடத்தின் 75 சதவீதம் எடுப்பது இன்னொரு வழி. புதியவர்களுக்கு ராம்ப் சுலபம், வேகத்தைப் பங்கிடத் தெரிய வேண்டியதில்லை. எந்த டிரெய்னரில் பயிற்சி செய்கிறீர்களோ அதிலேயே, அதே விசிறியோடு சோதியுங்கள். சாலையில் எடுத்த எண்ணை உள்ளே கொண்டுவந்தால் பெரும்பாலும் அதிகமாக இருக்கும், ஒவ்வொரு பயிற்சியும் தோல்வியில் முடியும். ஆப்பில் எடையையும் உள்ளபடி போடுங்கள். 200 வாட் என்பது 80 கிலோ இருப்பவருக்குக் கிலோவுக்கு 2.5 வாட், 60 கிலோ இருப்பவருக்கு 3.3. எடை தவறினால் சக ஓட்டுநர்களுக்கும் பந்தயம் கெடும்.

உள்ளே ஓட்டும்போது இருக்கையும் வேறு மாதிரிப் பேசும். சாலையில் சைக்கிள் இடவலமாகச் சாயும், பள்ளம் வரும், மிதிக்காமல் உருளுவோம், எழுந்து உட்காருவோம். டிரெய்னரில் இதெல்லாம் இல்லை, ஒரே இடத்தில் ஒரே அழுத்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நின்று மிதியுங்கள், வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நல்ல பேட் வைத்த அரைக்கால் சட்டை சாலையைவிட இங்கேதான் அதிகம் தேவை. அப்புறம் வியர்வை. உப்பு வியர்வை கைப்பிடி டேப்புக்குள் இறங்கி, அலுமினியத்தை உள்ளேயே அரிக்கும், கைப்பிடி திரும்பும் இடத்தில் இருக்கும் ஹெட்செட்டின் போல்ட்டுகளில் துருவேற்றும். கைப்பிடியிலிருந்து இருக்கை வரை ஒரு துண்டை விரித்து வையுங்கள், ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். டேப்பை அவ்வப்போது பிரித்துப் பார்ப்பது நல்லது. கார்பன் சட்டம் வைத்திருப்பவர்கள் டிரெய்னரில் மாட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய டிரெய்னர் வாங்குவது பற்றி. பலர் ஒரு பருவம் மட்டும் ஓட்டிவிட்டு விற்றுவிடுவதால், அதிகம் ஓடாத நல்ல டிரெய்னர்கள் கைமாறுகின்றன. நான் பார்ப்பவை இவை: மின்சாரம் கொடுத்து ஆப்போடு இணைத்து, நேரில் ஓட்டிக் காட்டச் சொல்வேன். எதிர்ப்பைக் கூட்டிக் குறைத்தால் உடனே மாறுகிறதா? மெதுவாக மிதிக்கும்போது உள்ளே டிக் டிக் என்று சத்தம் வந்தால் பேரிங்கோ பெல்ட்டோ போயிருக்கலாம். மிதிப்பதை நிறுத்தினால் ஃப்ளைவீல் சீராக ஓய்கிறதா, தடங்கித் தடங்கி நிற்கிறதா? கேஸட்டைக் கையால் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பவர் அடாப்டர் அந்த டிரெய்னருக்கே உரியதா, அச்சு அடாப்டர்கள் எல்லாம் கூட வருகின்றனவா, ஃபர்ம்வேர் (உள்ளே இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று கேட்பேன். அடியில் இருக்கும் ரப்பர் கால்களில் ஒன்று குறைந்தாலும் டிரெய்னர் ஆடும், அதற்கு மாற்று கிடைக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஓர் ஆளை அழைத்துப் போங்கள். ஒரு டைரக்ட் டிரைவ் டிரெய்னர் 15, 20 கிலோ இருக்கும், மாடிப்படியில் ஒருவராகத் தூக்கக் கூடாது.